பாடகர் விட்ட இடம்: புளூஸ் ஹார்மோனிகாவில் லிக்கும் ஃபில்லும்

பன்னிரண்டு பார் புளூஸில் பாடகர் பாடுவது ஏறக்குறையப் பாதி நேரம்தான். பாட்டு மூன்று வரி. வரிக்கு நான்கு பார். முதல் வரி ஒன்றைச் சொல்லும், இரண்டாவது வரி அதையே திருப்பிச் சொல்லும், மூன்றாவது வரி முடிவு கட்டும். டபிள்யூ. சி. ஹாண்டியின் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' 1914-இல் அச்சேறியபோதே இந்த அமைப்பு பழகிப்போன ஒன்றுதான். ஒவ்வொரு வரியும் இரண்டு பாரில் ஓடி, மூன்றாவது பாரின் முதல் தட்டில் வந்து உட்காரும். அங்கிருந்து அடுத்த வரி எழும்வரை இரண்டு பாருக்குச் சற்றுக் குறைவான இடம் திறந்து கிடக்கிறது. கித்தாரோ பியானோவோ ஹார்மோனிகாவோ அதில் நுழைந்து பதில் சொல்லும். அந்தப் பதிலை ஃபில் என்கிறார்கள். அதில் வாசிக்கப்படும் சின்னஞ்சிறு இசைத்தொடர் லிக். ஒரே லிக்கைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வாசித்தால் அது ரிஃப்.

நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் ஷஃபிளில் இரண்டு பார் என்பது நான்கு வினாடி. 60 தட்டில் நகரும் மெதுவான புளூஸில் எட்டு வினாடி. அதற்குள் என்ன வாசிப்பது, அதை எப்படிக் கட்டுவது? கற்பிப்பவர்களிடம் மூன்று விடைகள் புழங்குகின்றன. புளூஸ் ஸ்கேலைக் கற்றுக்கொள், அதிலிருந்து எதை வாசித்தாலும் பொருந்தும் என்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் கார்டின் சுரங்களைப் பிடி என்பது இன்னொன்று. பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு லிக்குகளை அப்படியே பொறுக்கிச் சேர்த்துக்கொள் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே கித்தாருக்கும் சாக்ஸபோனுக்கும் பொருந்துகிற விடைகள். ஹார்மோனிகாவில் பாதிச் சுரம் மூச்சை விடும்போதும் பாதிச் சுரம் மூச்சை இழுக்கும்போதும் பிறக்கிறது. எந்த லிக் எங்கே முடியலாம் என்பதை ஸ்கேலுக்கு முன்பே மூச்சு தீர்மானித்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்திலிருந்துதான் மூன்று விடைகளையும் எடை போடுகிறது.

முதலில் கருவி. நாம் மவுத் ஆர்கன் என்று சொல்லும் குடும்பத்தில் புளூஸ்காரர்கள் எடுத்துக்கொண்டது பத்துத் துளையும் இருபது ரீடும் கொண்ட சின்ன டயடானிக் வகை. ஜெர்மனியின் டிராசிங்கனில் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய நிறுவனம் 1896-இல் கொண்டுவந்த மரைன் பேண்ட் அதன் முதன்மை உதாரணம். வீட்டு அலமாரியில் கிடக்கும் நீளமான, இரட்டை வரிசைத் துளை போட்ட டிரெமலோ மவுத் ஆர்கனை எடுத்துக்கொண்டு யாரும் இதில் இறங்க வேண்டாம். இங்கே பேசப்போகும் வளைவுகள் அதில் சரியாக வராது.

டயடானிக் வகை, ஜெர்மன் நாட்டுப்பாடல்களை ஊதுவதற்காகச் சுரம் சேர்க்கப்பட்ட கருவி. சி சுருதி ஹார்மோனிகாவில் ஊதினால் சி மேஜர் கார்ட் வரும்; பாட்டை அதில்தான் வாசிக்க வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கலைஞர்கள் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். சி ஹார்மோனிகாவை ஜி சுருதிப் பாட்டுக்கு எடுத்து, ஊதுவதைவிட இழுப்பதை மையமாக வைத்துக்கொண்டார்கள். இதற்குக் கிராஸ் ஹார்ப் என்றும் இரண்டாம் பொசிஷன் என்றும் பெயர். கீழ், நடுத் துளைகளில் இழுக்கும்போதுதான் சுரங்கள் வளைந்துகொடுக்கும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சரிதான், ஆனால் முழுக் காரணம் அது மட்டும் இல்லை.

ஜி-யை ச என்று வைத்துக்கொண்டு துளைகளைப் படித்துப் பார்க்கலாம். 2-ஆம் துளையை இழுத்தால் ச. 3 இழுத்தால் அந்தர காந்தாரம். 4 ஊதினால் சுத்த மத்யமம், இழுத்தால் பஞ்சமம். 5 ஊதினால் சதுஸ்ருதி தைவதம், இழுத்தால் கைசிகி நிஷாதம். 6 ஊதினால் மேல் ச, இழுத்தால் சதுஸ்ருதி ரிஷபம். கீழே 1 இழுத்தால் மந்திர பஞ்சமம், 1 ஊதினால் மந்திர மத்யமம். இப்போது 2, 3, 4, 5 நான்கையும் ஒருசேர இழுத்தால் ச, க, ப, நி: புளூஸின் ஒன்றாம் கார்ட் ஏழாம் சுரத்தோடு முழுசாகக் கிடைத்துவிடுகிறது. பழைய மரைன் பேண்டில் இந்த நான்கு சுரங்களும் 4:5:6:7 என்ற விகிதத்தில் சுருதி சேர்க்கப்பட்டிருந்தன. அந்த நிஷாதம் பியானோ நிஷாதத்தைவிட ஏறக்குறைய 31 சென்ட் தாழ்ந்தது. கார்டாக இழுக்கும்போது உரசலே இல்லாமல் ஒன்றிப்போவதற்கு அதுதான் காரணம். மறுபுறம், ஊதும் சுரங்கள் எல்லாம் சேர்ந்தால் ம, த, ச: அதுவே நான்காம் கார்ட்.

பன்னிரண்டு பாரின் கார்ட் வரிசை இது: ஒன்றாம் கார்ட் நான்கு பார், நான்காம் கார்ட் இரண்டு பார், மறுபடி ஒன்று இரண்டு பார், ஒன்பதாவது பாரில் ஐந்தாம் கார்ட், பத்தில் நான்கு, பதினொன்றில் ஒன்று, பன்னிரண்டில் ஐந்தைத் தொட்டுவிட்டு மீண்டும் தொடக்கம். இரண்டாவது பாரிலேயே நான்காம் கார்டுக்குப் போய் வருவதும் உண்டு. இந்த வரிசையை மூச்சாகப் படித்தால் முதல் நான்கு பார் இழுப்பு, அடுத்த இரண்டு ஊதல், மறுபடி இழுப்பு என்று போகிறது. இழுக்கும் இடத்தில் இறுக்கம் ஏறுகிறது. ஐந்தாவது பாரில் மூச்சு வெளியேறும்போது இசையும் தளர்கிறது. டிராசிங்கனில் யாரும் இதைத் திட்டமிடவில்லை. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்குமா என்பது சந்தேகம்.

பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு இன்னொரு லாபம். ஒரு வரியைப் பாடி முடிக்கும்போது நுரையீரல் காலியாக இருக்கும். ஃபில்லுக்கான இடம் சரியாக அப்போது வருகிறது. அங்கே தேவைப்படுவது ஒன்றாம் கார்ட். அது இழுப்பில் இருக்கிறது. ஃபில்லை வாசிப்பதே அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பதாகிவிடுகிறது. கிராஸ் ஹார்ப் வேரூன்றியதற்கு வளைவுகளோடு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. ஜான் லீ வில்லியம்சன், அதாவது முதல் சன்னி பாய், 1937-இல் இல்லினாயின் அரோராவில் புளூபேர்டுக்காகப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து, வரியின் கடைசிச் சொல்லும் ஹார்மோனிகாவின் முதல் சுரமும் ஒட்டிக்கொண்டே வருவதைக் கேட்கலாம். சொல்லின் வால் அடங்குமுன் இழுப்பு தொடங்கிவிடும். வாய் ஒன்றுதான், இரண்டு பேர் பேசுவதுபோல் இருக்கும்.

வளைவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் லிக்கின் நிறம் அங்கேதான். ஒரு துளையில் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் மேலும் கீழுமாக இருக்கின்றன. இழுக்கும் சுரம் ஊதும் சுரத்தைவிட உயரமாக இருந்தால், நாக்கையும் தொண்டையையும் மாற்றி வைப்பதன் மூலம் அதைக் கீழ்ச் சுரத்துக்குச் சற்று மேலே வரை இறக்கலாம். அப்போது ஒலிப்பதில் இரண்டு ரீடுகளுக்கும் பங்கு இருக்கிறது என்பதைப் பிட்ஸ்பர்கின் இதய அறுவை மருத்துவர் ஹென்றி பான்சனும் அவரது கூட்டாளிகளும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. (இதயத்தைத் திறந்து தைப்பவருக்கு இதில் ஏன் ஆர்வம் என்று கேட்பவர்கள் ஹார்மோனிகா வாசிப்பவர்களை அறியாதவர்கள்.) கணக்கு எளிது: 3-ஆம் துளையில் இரண்டு சுரங்களுக்கும் நான்கு அரைச்சுர இடைவெளி, ஆகவே மூன்று வளைவுகள். 2-இல் மூன்று அரைச்சுரம், இரண்டு வளைவுகள். 1, 4, 6 துளைகளில் ஒவ்வொன்று. 5-இல் இடைவெளி அரைச்சுரம்தான். அங்கே முழு வளைவு கிடையாது. சாதாரண காந்தாரமும் பிரதி மத்யமமும் இந்த வளைவுகளிலிருந்து வருகின்றன. கீழே 2-ஐ முழுக்க வளைத்தால் மந்திர நிஷாதமும் கிடைக்கும்.

இப்போது ஃபில்லுக்கு வருவோம். பாடகர் விடும் இடங்கள் மூன்று: 3–4, 7–8, 11–12 ஆகிய பார்கள். மூன்றிலும் ஓடுவது ஒன்றாம் கார்ட், பன்னிரண்டாவது பாரின் கடைசித் திருப்பம் நீங்கலாக. அதனால் தொடக்கநிலையில் இருப்பவர் ஒரே லிக்கை மூன்றிலும் வாசிக்கிறார், எதுவும் பிசகுவதில்லை, ஆனால் ஏதோ சப்பென்று இருக்கிறது. காரணம், இடம் ஒன்றாக இருந்தாலும் அடுத்துப் போகும் ஊர் வேறு. முதல் ஃபில் நான்காம் கார்டுக்கு வழிவிட வேண்டும். இரண்டாவது, ஐந்தாம் கார்டின் வாசலில் கொண்டுபோய் விட வேண்டும். மூன்றாவது, பாட்டை முதல் பாருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். லிக்கின் தலை எதுவாகவும் இருக்கலாம்; வால்தான் இடத்துக்கு ஏற்றபடி மாற வேண்டும்.

ஒரு தலையை எடுத்துக்கொள்வோம். 4 இழு, 4 ஊது, 3 இழுத்து அரைச்சுரம் வளை, 2 இழு: ப, ம, சாதாரண க, ச. புளூஸ் ஹார்மோனிகாவில் இதைவிடத் தேய்ந்துபோன லிக் இல்லை. தேய்ந்தது என்பதால் ஒதுக்கவும் முடியாது. நான்காவது பாரில் இதற்கு வால் 5 இழு, 5 ஊது. கைசிகி நிஷாதம் ஒரே துளைக்குள் அரைச்சுரம் இறங்கித் தைவதமாகிறது. அந்தத் தைவதம்தான் நான்காம் கார்டின் உயிர்ச்சுரம். இழுப்பு ஊதலாக மாறும் அதே கணத்தில் கார்ட் மாறுகிறது. கேட்பவருக்கு கார்டைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் எங்கோ வந்து சேர்ந்தது தெரியும். கீழ்ஸ்தாயியில் இதையே 2-ஐ முழுக்க வளைத்து, பிறகு 2 ஊதி வாசிக்கலாம். கடினம், ஆனால் இன்னும் இருண்ட ஒலி.

எட்டாவது பாரில் வால் வேறு: 4 ஊது, 4 வளைத்து இழு, 4 நேராக இழு. சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம் என்று ஒரே துளையில் மூன்று படி. ஒன்பதாவது பாரின் முதல் தட்டில் பஞ்சமத்தில் கால் வைத்தால் ஐந்தாம் கார்டின் வேரிலேயே நிற்கிறோம். மூன்றாவது ஃபில்லில் 2 இழு, 2 முழுக்க வளை, 2 ஊது, 1 இழு: ச, நி, த, ப என்று கீழே இறங்கி, கடைசி 1-ஐ அழுத்தி இழுத்துவிட்டால் பன்னிரண்டாவது பாரின் திருப்பம் முடிந்தது. இந்த மூன்று வால்கள் கைக்கு வந்தவருக்கு நூறு லிக் தேவையில்லை. ஐந்தாறு தலைகள் போதும்.

இந்த வெளிச்சத்தில் புளூஸ் ஸ்கேல் என்னும் முதல் விடையைப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிகின்றன. ச, சாதாரண க, ம, பிரதி ம, ப, கைசிகி நி ஆகிய ஆறு சுரங்கள் எந்தக் கார்டின் மேலும் பெரிய விபத்து இல்லாமல் ஓடும். மேடையில் முதல்முறை நிற்பவருக்கு அது பெரிய தைரியம். ஆனால் அதில் அந்தர காந்தாரம் இல்லை, தைவதம் இல்லை, ரிஷபம் இல்லை. புளூஸ் காந்தாரமோ சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே ஊசலாடும் ஒன்று. 3-ஆம் துளையை லேசாக மட்டும் வளைத்தால்தான் அது வரும். ஸ்கேல் அதை ஒரு நிலையான படியாக எழுதிவைத்துக் குறைத்துவிடுகிறது. தைவதம் இல்லாவிட்டால் முதல் வால் கிடையாது. ரிஷபம் இல்லாவிட்டால் ஐந்தாம் கார்டின் மேல் சொல்வதற்குச் சங்கதி பாதியாகிவிடும். ஸ்கேலை மட்டும் நம்பி வாசிப்பவர்கள் பன்னிரண்டு பாரும் ஒரே பார்போல ஒலிக்க வாசிப்பது இதனால்தான்.

கார்ட் சுரங்களைப் பிடி என்பவர்கள் இதற்கு மருந்து சொல்கிறார்கள். ஒன்றாம் கார்டில் அந்தர காந்தாரம் இனிக்கும், நான்காம் கார்ட் வந்ததும் அதே சுரம் உரசும், ஆகவே 3-ஐ வளைத்துச் சாதாரண காந்தாரமாக்கு என்பார்கள். ஒரே லிக், ஒரு சுரம் மட்டும் அரைச்சுரம் இறங்குகிறது, கார்ட் மாறியது காதில் விழுகிறது. இது பொன்னான அறிவுரை. பிரச்சினை ஐந்தாம் கார்டில். பஞ்சமம் இருக்கிறது, 1-இலும் 4-இலும் நேராக இழுக்கலாம். நாக்கால் 2, 3 துளைகளை மூடி இரண்டையும் சேர்த்து இழுத்தால் அருமையான ஆக்டேவ். மற்றவை எல்லாம் மேடு பள்ளம். காகலி நிஷாதத்துக்கு 2-ஐ அரைச்சுரம் மட்டும் வளைத்து நிறுத்த வேண்டும். ரிஷபத்துக்கு 3-இல் இரண்டாம் வளைவு, இல்லையென்றால் மேலே 6 இழு. முழு ஐந்தாம் கார்டை இந்தக் கருவி ஒருசேரத் தருவதே இல்லை. கருவியின் முதலாளியாக விரும்புகிறவர் அங்கே வியர்வை சிந்துகிறார்; தந்திரசாலி ஆக்டேவைப் போட்டுவிட்டு அமைதியாகிறார். என் காதுக்கு இரண்டாவது ஆள்தான் பெரும்பாலும் நல்ல ஒன்பதாவது பாரை வாசிக்கிறார்.

மூன்றாவது விடை, இசைத்தட்டு. இதுதான் வரலாற்றில் உண்மையாக நடந்தது. 1965-இல் டோனி குளோவரின் புளூஸ் ஹார்ப் கையேடு வந்தபோது, முன்னோடிகள் எல்லாரும் கையேடு இல்லாமலேயே தங்கள் சிறந்த பதிவுகளைச் செய்து முடித்திருந்தார்கள். கற்றது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு, பிறகு ரேடியோவிலிருந்து. ஆர்கன்சாவின் ஹெலினாவில் கேஎஃப்எஃப்ஏ நிலையம் 1941-இல் தொடங்கிய 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சி இரண்டாவது சன்னி பாய் வில்லியம்சனை டெல்டா முழுக்கக் கொண்டுசேர்த்தது. அவரிடம் கற்க வேண்டியது ஃபில். இரண்டு சுரம், ஒரு கை அசைப்பு, நீண்ட மௌனம், பிறகு வரியின் கடைசியில் ஒரு சின்னச் சீண்டல். 1963-இன் 'ஹெல்ப் மீ' பதிவைக் கேட்டால், பின்னணியில் ஆர்கன் ஓயாமல் ஒரே உருவத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, ஹார்மோனிகா எவ்வளவு குறைவாகப் பேசியும் பாட்டு முழுவதையும் கையில் வைத்திருக்கிறது என்பது தெரியும். எண்ணிக்கையில் அந்த ஃபில்களை ஒரு மாதத்தில் பாடம் செய்துவிடலாம். அவர் எப்போது வாசிக்காமல் விட்டார் என்பதைப் பாடம் செய்ய அதைவிட அதிகக் காலம் ஆகும்.

லிட்டில் வால்டர் வேறு திசை. லூயிசியானாவில் பிறந்த மரியன் வால்டர் ஜேக்கப்ஸ் 1952 மே 12 அன்று சிகாகோவில் மடி வாட்டர்ஸ் குழுவோடு 'ஜூக்' பதிவு செய்தபோது அவருக்கு வயது 22. பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அது எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டில்லாத ஹார்மோனிகா இசை வேறு எதுவும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. லிக் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு 'ஜூக்' ஒரு முழுப் பாடம். முதல் பன்னிரண்டு பாரில் பெரும்பாலும் ஒரே ஏறுமுகத் தொடர்தான்: ச, க, ப, த என்று ஏறி மேல் ச-வைத் தொடுவது. ஏறியதும் இடைவெளி. மறுபடி அதே ஏற்றம். கார்ட் அடியில் மாறிக்கொண்டே போக, மேலே ரிஃப் மாறாமல் நிற்கிறது. அந்தப் பிடிவாதத்தைக் காதில் ஏற்றிய பிறகுதான் அடுத்தடுத்த சுற்றுகளில் அவர் கைவரிசையைக் காட்டுகிறார்.

இந்த ஏற்றத்தை முதலில் வாசித்தது யார்? ஸ்னூக்கி பிரையர் 1948-இல் பதிவு செய்த 'ஸ்னூக்கி அண்ட் மூடிஸ் பூகி'யில் அதன் அண்ணனைக் கேட்கலாம். தன் சொத்து அது என்றே பிரையர் சொல்லிவந்தார். ஆனால் அந்தச் சுரவரிசையே அக்காலத்து ஸ்விங் குழுக்களின் பொதுச் சொத்து. வால்டர் லூயிஸ் ஜோர்டானின் சாக்ஸபோனைக் கூர்ந்து கேட்டவர். லிக் என்ற பண்டத்துக்குப் பட்டா கிடையாது. யார் வாசிப்பில் அது நிலைத்தது என்பதே கணக்கு. ஆகவே பதிவைக் கேட்டு லிக் பொறுக்குவது திருட்டா என்ற கவலை வீண். கவலைப்பட வேண்டியது வேறு: பொறுக்கும்போது அது எந்தப் பாரில் வந்தது, எந்தத் தட்டுக்குப் பின்னால் தொடங்கியது, அதற்கு முன் பாடகர் என்ன சொல்லி நிறுத்தினார் என்பதையும் சேர்த்துப் பொறுக்கினோமா என்பது. துளை எண்களை மட்டும் எழுதிக்கொண்டவரிடம் இருப்பது லிக் அல்ல, அதன் எலும்பு.

தட்டு என்று சொன்னேன். சுரங்களைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கேட்பவரை முதலில் தொடுவது லிக்கின் தாளம்தான். ஷஃபிளில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். முதல் பங்கும் மூன்றாம் பங்கும் ஒலிக்கும், நடுப்பங்கு பெரும்பாலும் காலி. தட்டின் தலையிலேயே தொடங்கும் லிக் பள்ளிக்கூட ஒப்பிப்புபோல விழும். மூன்றாம் பங்கில் தொடங்கி அடுத்த தட்டுக்குள் சறுக்கினால் அதே சுரங்கள் ஆடத் தொடங்கும். ஒரு சோதனை உண்டு: 2 இழு என்ற ஒற்றைச் சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பாரையும் வாசிப்பது. நீளமாக, குட்டையாக, நாக்கால் அறைந்து, கையால் மூடித் திறந்து, அடியில் கொஞ்சம் வளைத்து, இடைவெளி விட்டு. அந்தச் சுற்று சலிப்பில்லாமல் ஓடினால் மேலே சுரம் சேர்க்கத் தகுதி வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஓடாவிட்டால் சுரம் சேர்ப்பது சத்தத்தைத்தான் கூட்டும்.

தனி வாசிப்பு வரும்போது, அதாவது பன்னிரண்டு பாரும் ஹார்மோனிகாவுக்கே கிடைக்கும்போது, பாட்டின் உருவத்தையே இரவல் வாங்கலாம். முதல் நான்கு பாரில் ஒரு லிக்கைச் சொல்லி, இடம் விடு. அடுத்த நான்கில் அதையே திருப்பிச் சொல், காந்தாரத்தை மட்டும் இறக்கி. கடைசி நான்கில் வேறொன்றைச் சொல்லி முடி. மூன்று வரிப் பாட்டு, சொல்லில்லாமல். தன் ஃபில்லுக்கும் தானே இடம் விட்டு, தானே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். விருத்தம் பாடுபவர் ஓரடியை முடித்ததும் வயலின்காரர் அதே சாயலில் பின்தொடர்வது நமக்குப் பழக்கம். இங்கே பாடகரும் வயலின்காரரும் ஒரே ஆள். பிக் வால்டர் ஹார்ட்டன் 1953-இல் மெம்பிஸின் சன் ஸ்டுடியோவில் ஜிம்மி டிபெரியின் கித்தாரோடு வாசித்த 'ஈஸி' இந்த வகையின் உச்சம். மெல்லத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று ஒலி பருத்துக்கொண்டே போகும். வேகத்தைக் கூட்டவில்லை, சுரங்களைக் கொட்டவில்லை. ஒலியின் கனத்தால் மட்டுமே கட்டடம் எழுகிறது.

மூச்சுக்கு ஒரு தொல்லையும் உண்டு. ஒன்றாம் கார்ட் முழுக்க இழுப்பு என்பதால், தொடர்ந்து வாசித்தால் நுரையீரல் நிரம்பி வழியும். பாடிக்கொண்டே வாசிப்பவர் அடுத்த வரியில் அதைச் செலவழித்துவிடுவார். பாடாமல் வாசிப்பவர் எங்கே போவார்? நல்ல லிக்குகளில் 4 ஊது, 6 ஊது, 3 ஊது ஆகியவை இடையிடையே வருவது அழகுக்காக மட்டும் இல்லை. 3 ஊதும் 2 இழுவும் ஒரே சுரம், இரண்டுமே ச. ஆகவே காற்றை வெளியேற்ற வேண்டிய இடத்தில் ச-வை ஊதி வாசிக்கலாம், ஒலி மட்டும் சற்று வெளிறும். சொந்தமாக லிக் கட்டுபவர் அதை ஐந்தாறு முறை இடைவிடாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டினாலோ வற்றினாலோ லிக்கில் கோளாறு, விரலோ நாக்கோ என்ன செய்யும்?

பாடகருக்குப் பின்னால் வாசிப்பதில் இன்னொரு பாடமும் உண்டு, அது வாசிக்காமல் இருப்பது. மடி வாட்டர்ஸின் 1954 பதிவான 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டில் வரிகளுக்கு இடையே திறக்கும் இடத்தை முழுக் குழுவும் சேர்ந்து ஒரே ரிஃபால் அடித்து மூடுகிறது; அங்கே தனி ஃபில்லுக்கு வேலையில்லை, ஹார்மோனிகாவும் வரிசையில் நின்று அந்த ரிஃபைத்தான் வாசிக்கிறது. ஜூனியர் வெல்ஸ் 1965-இல் டெல்மார்க்குக்காகச் செய்த 'ஹூடூ மேன் புளூஸ்' தொகுப்பில் படி கையின் கித்தார் பக்கத்திலேயே இருக்கிறது. வெல்ஸ் பல இடங்களைக் கித்தாருக்கு விட்டுவிட்டு, ஒற்றைச் சுரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு நகர்கிறார். இரண்டு பேர் ஒரே இடைவெளியில் பதில் சொன்னால் அது ஃபில் இல்லை, சந்தை. மேடையில் இதை முன்கூட்டிப் பேசிவைப்பவர்கள் குறைவு. முதல் வரிக்குக் கித்தார், இரண்டாவதற்கு ஹார்மோனிகா என்று கண்ஜாடையில் பிரித்துக்கொள்வதே வழக்கம்.

மைக்கைக் கைக்குள் பொத்திப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்குள் தள்ளும் சிகாகோ முறை லிக்கின் உருவத்தையும் மாற்றியது. பொத்திய கைக்குள் கை அசைப்புக்கு இடம் குறைவு. ஆனால் ஒற்றைச் சுரமே சாக்ஸபோன் அளவுக்குப் பருத்துவிடுகிறது. நீட்டிப் பிடித்த சுரங்களும் நாக்கால் அடித்த ஆக்டேவ்களும் அதனால் பெருகின. மைக் இல்லாமல் இரு கையாலும் வாசித்த சன்னி டெரியின் லிக்குகளோ நேர் எதிர்: கார்டும் கூவலும் ரயில் ஓசையுமாக ஓயாத ஓட்டம். 1938-இல் கார்னகி ஹாலில் அவர் வாசித்ததற்கும் வால்டர் பதினான்கு ஆண்டு கழித்து வாசித்ததற்கும் நடுவே மின்சாரம் இருக்கிறது.

இரண்டாம் பொசிஷனுக்கு வெளியேயும் உலகம் உண்டு. ஜிம்மி ரீட் 1957-இன் 'ஆனஸ்ட் ஐ டூ' பாட்டில் முதல் பொசிஷனில், அதாவது கருவியின் சொந்தச் சுருதியிலேயே, உச்சித் துளைகளை ஊதி வளைத்து வாசித்தார். அங்கே ஒன்றாம் கார்ட் ஊதலில் இருக்கிறது. மேலே சொன்ன மூச்சு வரைபடம் தலைகீழாகிறது. லிக்குகளும் வேறு சாதி. ஜார்ஜ் ஸ்மித் போன்றவர்கள் குரோமாட்டிக் ஹார்மோனிகாவில் மூன்றாம் பொசிஷனைக் கொண்டு கனத்த மைனர் நிறத்தைக் கொடுத்தார்கள். இவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

ஹவர்ட் லெவி 1970-களில் ஓவர்புளோ என்னும் சிறப்பு ஊதல் முறையைத் திறந்துவிட்ட பிறகு, இல்லாத சுரம் என்று எதுவும் பத்துத் துளையில் இல்லை. பன்னிரண்டாவது பாருக்கான அந்த மூன்றாவது வாலில் ச, நி, த, ப என்று இறங்கினோம். தைவதத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே சுத்த தைவதம் ஒன்று இருக்கிறது. கீழ்ஸ்தாயியில் அது சாதாரண முறையில் கிடைக்காது, 1-ஆம் துளையில் ஓவர்புளோ செய்தால் கிடைக்கும். இன்று அது கைவந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இருந்தும் பன்னிரண்டாவது பாரில் பெரும்பாலோர் அதைத் தாண்டி 2 ஊதிலிருந்து நேராக 1 இழுவுக்குத் தாவுகிறார்கள். என் கணிப்பில் சோம்பல் இதற்குக் காரணம் இல்லை. அந்தத் திருப்பத்தில் அரைச்சுரம் அரைச்சுரமாக எல்லாப் படியிலும் கால் வைத்து இறங்குவது கித்தாரின் பழைய வேலை, அது இன்னும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஹார்மோனிகாவும் அதே படிகளில் கூடவே இறங்கினால் இரண்டு கருவி ஒன்றாகிவிடும்; ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் இரண்டும் தனித்தனியே கேட்கும்.